ஆபத்தில்லாத சாட்சி

சீனாவில் ஐந்து மாதம் படித்துவிட்டு ஜொனத்தன் டென்மார்க்கின் வைலே நகருக்குத் திரும்பிய முதல் ஞாயிறு அது. கிறிஸ்தவ சபையில் எழுந்து, கடவுள் தன்னைக் காத்த விதத்தை அவன் சாட்சியாகச் சொல்லவேண்டும் என்பது காருக்குள் வைத்துத்தான் தெரியவந்தது.

"சனம் ஆவலாய் இருக்குதடா," என்றார் தகப்பன் நேசராஜா. "நீ அங்கை ஒளிச்சுச் சுவிசேஷ ஊழியம் செய்யப் போனதெண்டு நினைச்சுக்கொண்டிருக்கினம்."

"ஆர் சொன்னது?"

நேசராஜா சிக்னலைப் போட்டார். அந்த இடத்தில் திரும்புவதற்குத் தெருவே இருக்கவில்லை.

"நான் உனக்காகச் செபிக்கச் சொல்லித்தான் கேட்டனான். மிச்சத்தை அவையள் தாங்களாய்ச் சேர்த்துக்கொண்டினம். நான் மறுக்கேல்லை. அவ்வளவுதான்."

அவர் பொய்யர் அல்லர். பொய்க்கும் மௌனத்துக்கும் நடுவே விசாலமான ஓர் இடம் இருக்கிறது. நல்ல மனிதர்கள் பலர் அங்கேதான் குடியிருக்கிறார்கள்.

ஜொனத்தனுக்கு வந்தது கோபமல்ல, கூச்சம். இலங்கையில் போர் முடிந்து இரண்டு மாதமாகிறது. முகாமில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று இன்னும் தெரியாத குடும்பங்கள் சபையில் இருந்தன. வன்னிக்காக அழுது செபித்த அதே வாரங்களில் இந்தச் சனம் அவனுக்காகவும் முழங்காலில் நின்றிருக்கிறது. அவனோ நான்ஜிங்கில், மாணவர் விடுதியில், கையில் பிளாஸ்க்குடன் சுடுதண்ணீருக்கு வரிசையில் நின்றான்.

"உள்ளதைத்தான் சொல்லுவன்," என்றான் டெனிஷ் மொழியில்.

"சொல்லு. கொஞ்சம் பாத்துச் சொல்லு."

டெனிஷ்காரரின் ஆராதனை முடிந்தபின் அதே மண்டபத்தில் தமிழ்ச்சபை கூடியது. ஜொனத்தன் ஒலிவாங்கியைப் பிடித்தான்.

"எனக்கு அங்கை ஒண்டும் நடக்கேல்லை. ஊழியம் செய்யேல்லை, படிச்சனான். பொலிஸ் ஒருக்கா மறிச்சது. சைக்கிளைப் பிழையான பக்கத்தாலை ஓடினதுக்கு." மூச்சை இழுத்துக்கொண்டான். "நீங்கள் செபிச்சது வீணாப்போச்சு. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பாஸ்டர் அல்லேலூயா சொல்லத் திறந்த வாயை மெல்ல மூடினார். நேசராஜா தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

முன்வரிசையில் ஜெபமலர் அன்ரி இருந்தார். தமையன் முகாமில் உயிரோடு இருக்கிறார் என்று போன மாதம் அவருக்குத் தகவல் வந்தது. தமையனின் மகனைப் பற்றி இன்னும் வரவில்லை.

"ஏன் ராசா வீணெண்டுறாய்?" என்றார் அவர். "இந்த வருசம் நாங்கள் செபிச்ச ஆக்களிலை, ஒரு கரைச்சலும் இல்லாமல் திரும்பி வந்தது நீ ஒராள்தான். அதைக் கேக்க எங்களுக்கு ஆசையிராதே? ஒண்டும் விடாமல் சொல்லு. அங்கை காலமையிலை என்ன சாப்பிட்டனீ?"

"அரிசிக் கஞ்சி. ஊறுகாய்."

"அட, இதுக்கே பிளேன் ஏறிப் போனவன்?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். மண்டபம் சிரித்தது. அந்த மண்டபத்தில் அப்படிச் சிரிப்புக் கேட்டு வெகுநாளாகியிருந்தது.

ஜொனத்தனுக்குத் துணிவு வந்தது. அறைத்தோழனின் குறட்டையைச் சொன்னான். ஒரு சொல்லும் விளங்காமல் தலைமயிர் வெட்டுவித்துக்கொண்டு, தொப்பியோடு திரிந்த கதையைச் சொன்னான். பின்னேரங்களில் தனிமை பிடிக்காமல் சதுக்கத்துப் பக்கம் போனதையும், அங்கே பாட்டுப் போட்டுவிட்டு வரிசையாக நின்ற பெண்கள் தன்னையும் கையைப் பிடித்து இழுத்து...

"டான்ஸ்..." என்று தொடங்கியவன் நிறுத்தினான். உலகத்து நடனத்துக்கு அந்தச் சபையில் இடமில்லை. பாஸ்டரின் கண்கள் கூரைக்குப் போயின.

நேசராஜா எழுந்தார். "தேகப்பயிற்சி," என்றார் உரத்து. "எல்லாம் வயசான மனிசியள், பாஸ்டர். தேகப்பயிற்சி."

இம்முறை அவர் மௌனமாக இருக்கவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளலாம். முன்னேற்றம் என்று சொல்லத் தயக்கமாக இருக்கிறது.

"அப்ப எங்களுக்கும் நல்லதுதானே," என்றார் ஜெபமலர் அன்ரி. "நிண்டு நிண்டு முழங்கால் பிடிச்சுப்போச்சு. தேத்தண்ணி குடிச்சிட்டுக் காட்டு, பாப்பம்."

தேநீருக்குப் பிறகு கதிரைகளை ஒதுக்கினார்கள். ஜொனத்தன் முன்னால் நின்றான். அன்ரிமார் சேலைத்தலைப்பைச் செருகிக்கொண்டார்கள். பாஸ்டர் சேரவில்லை. ஆனாலும் கதவடியில் நின்று, கோப்பைக்குள் கரண்டியால் தாளம் போட்டார். கடைசி வரிசையில் நேசராஜா ஒவ்வொரு முறையும் மறுபக்கம் திரும்பி, பக்கத்தவரோடு முட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா, அந்தப் பக்கமில்லை, இஞ்சாலை!" என்று கத்தினான் ஜொனத்தன், தமிழில்.