இரண்டு தலைக் கோழி

ஒஸ்லோவின் ரொம்மன் பகுதியில் பிலேந்திரனைத் தெரியாதவர்கள் இரண்டு வகை. ஒன்று, காது கேளாதவர்கள். மற்றது, நேற்று வந்து இறங்கியவர்கள்.

மனிதர் நல்லவர். ஆனால் வாய் திறந்தால் மூடத் தெரியாது. யாழ்ப்பாணத் தீவுப் பகுதியில், ஊர்காவற்றுறையில் பிறந்தவர். எண்பத்தாறில் நோர்வேக்கு வந்து, வடக்கே ஹம்மர்பெஸ்டில் ஒன்பது வருடம் மீன் வெட்டினார். தொழிற்சாலை இயந்திரங்களின் சத்தத்துக்கு மேலாகக் கத்திக் கதைத்துப் பழகியதால்தான் இந்தத் தொண்டை என்று அவருடைய மனைவி அனஸ்ரேசியா ஆட்களுக்குச் சமாதானம் சொல்வார். அது முழு உண்மையல்ல. மீனுக்கு முன்னமும் அவர் அப்படித்தான்.

தொண்ணூற்றைந்தில் ஒஸ்லோவுக்கு வந்து, வீட்டுக்குக் கிட்டவே ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் சேர்ந்தார். அதே கிழமை மிலேனாவும் அங்கே சேர்ந்தாள். மொன்டெனேக்ரோக்காரி. உயரமான, அதிகம் சிரிக்காத, கை சுத்தமான பெண். அன்றிலிருந்து பதினொரு வருடமாக, காலை ஆறரைக்கு அவள் ஓட்ஸ் கஞ்சி கிண்டுவாள், இவர் பக்கத்தில் நின்று பாண் ரொட்டி வெட்டுவார். அவள் உருளைக்கிழங்கு சீவுவாள், இவர் இலங்கை அரசியல் சொல்வார். எண்பத்துமூன்று, எண்பத்தேழு, தொண்ணூறு என்று வருடம் வருடமாகச் சொன்னார். தீவுப் பகுதியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குப் போகும் பாலத்தில் எங்கெங்கே சோதனைச் சாவடி இருந்தது என்பதுவரை மிலேனாவுக்கு மனப்பாடம். அவள் நடுநடுவே தலையாட்டுவாள். பதினொரு வருடம் தலையாட்டிய கழுத்துக்கே ஒரு மெடல் கொடுக்க வேண்டும்.

எல்லாவற்றையும் சொன்னவர் ஒன்றை மட்டும் சொல்லவில்லை. நீர்கொழும்பில் அவருக்கு ஜெசிந்தா என்று ஒரே தங்கை இருக்கிறாள். தொண்ணூற்றாறில் ஒரு சிங்களப் பெடியனைக் கட்டினாள். அன்றோடு அண்ணன் அவளோடு கதைப்பதையே நிறுத்திவிட்டார். கதையை நிறுத்தும் வித்தை அவருக்குத் தெரியும் என்பதற்கு அது ஒன்றுதான் சாட்சி.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மே மாதம். மகள் நிலூஜாவுக்கு ஒன்பது வயது. இருபத்தெட்டாம் திகதி ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அவளுக்கு முதல் நன்மை, முதன்முதலாக நற்கருணை வாங்கும் சடங்கு. பள்ளிக்கூட மண்டபம் எடுத்தாயிற்று, நூற்றைம்பது பேருக்குச் சொல்லியாயிற்று. மூன்று தட்டுக் கேக்குக்கு மிலேனா பொறுப்பு. "உன் மகளுக்கு நான் செய்யாமல் வேறு யார் செய்வது?" என்று அவளே கேட்டு எடுத்துக்கொண்டாள். பிள்ளை பிறந்தபோது ஆஸ்பத்திரிக்கு முதலில் வந்தவள் அவள். பின்னிய தொப்பியோடு வந்தாள். அந்த ஊரில் பிலேந்திரனுக்குச் சொந்தம் என்று சொல்ல அவளை விட்டால் ஆளில்லை.

"ஜெசிந்தாவுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கோவன்" என்றார் அனஸ்ரேசியா.

"அந்தக் கதையை விடும்" என்றார் பிலேந்திரன்.

அப்போதுதான் அந்த வாக்கெடுப்பு வந்தது. சேர்பியாவோடு சேர்ந்திருப்பதா, பிரிந்து போவதா என்று மொன்டெனேக்ரோ மக்கள் மே இருபத்தொன்றில் வாக்களித்தார்கள். நோர்வேக்காரர்கள் நாலு நாளைக்கு முந்திய தேசிய தினக் களைப்பில் இருந்தார்கள், அவர்களுக்கு அது ஒரு சின்னச் செய்தி. ஆனால் ரொம்மனில் குலசேகரத்தின் பலசரக்குக் கடையில் உலகக் கிண்ண இறுதியாட்டம் நடப்பதுபோல் இருந்தது. அரிசி மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏழெட்டுப் பேர். முன்பு கணக்கு வாத்தியாராக இருந்த தில்லைநாதன், பில் கடதாசியின் பின்பக்கத்தில் வகுத்துக் கொண்டிருந்தார்.

"ஐம்பத்தைஞ்சு வீதம் எடுக்கவேணும். ஐம்பத்து நாலு புள்ளி ஒன்பது எண்டாலும் சரிவராது. ஐரோப்பாக்காரர் போட்ட நிபந்தனை" என்றார் அவர்.

"பாதிக்கு மேல எடுத்தும் தோல்வியோ? இதென்ன கொடுமை, மாஸ்டர்?" என்று குலசேகரம் கொதித்தார். ஒரு கிழமைக்கு முன்பு அவருக்கு அந்த நாடு எங்கே இருக்கிறது என்றே தெரியாது.

திங்கட்கிழமை முடிவு வந்தது. ஐம்பத்தைந்தரை. அரைப் புள்ளியில் ஒரு நாடு பிறந்துவிட்டது! குலசேகரம் கடைக்கு வந்த எல்லோருக்கும் ஆளுக்கொரு தோடம்பழ இனிப்புக் கொடுத்தார். பாகிஸ்தான்காரர் ஒருவர் யாருக்குப் பிறந்தநாள் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போனார். பிலேந்திரனுக்கோ நெஞ்சு நிறைந்துவிட்டது. துவக்கு, குண்டு இல்லாமல், ஒரு பெட்டிக்குள் கடதாசி போட்டு ஒரு சனம் தனக்கு நாடு எடுத்துவிட்டது. அவருக்கு அழுகைகூட வந்தது. அதில் பொறாமையும் இருந்தது என்பதை அவர் மறைக்கவில்லை.

மிலேனா அன்றைக்கு லீவு. "கொண்டாட்டம் போல" என்று பிலேந்திரன் தீர்மானித்தார். அவளைக் கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. நாடு கிடைத்தவள் சந்தோஷப்படாமல் வேறென்ன செய்வாள்?

அன்று பின்னேரம் அனஸ்ரேசியாவைக் கொண்டு ஒரு பட்டர் கேக் அடிப்பித்தார். மேலே சிவப்பு ஐசிங், ஓரத்தில் பொன்மஞ்சள். நடுவில் இரண்டு தலைக் கழுகு வரவேண்டும், அதுதான் கொடி. கொம்பியூட்டரில் பார்த்துப் பார்த்து, ஐசிங் பையைப் பிடித்துத் தானே வரைந்தார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கான கதைதான்.

"அப்பா, ஏன் கோழிக்கு ரெண்டு தலை?" என்று கேட்டாள் நிலூஜா.

செவ்வாய்க்கிழமை விடிய, அந்தக் கோழியும் நாற்பது ரோல்ஸுமாக அவர் சமையலறைக்குப் போய் மேசையை அலங்கரித்தார். மிலேனா உள்ளே வந்ததும் கையைத் தட்டி, ஹம்மர்பெஸ்டில் படித்த நோர்வேஜிய மொழியில், எண்பத்துநாலு முதியவர்களும் எழும்பும்படி வாழ்த்துச் சொன்னார்.

மிலேனா கேக்கைப் பார்த்தாள். அவளுடைய கண் வீங்கியிருந்ததை அவர் அப்போதுதான் கண்டார்.

"யாரைக் கேட்டு இதைச் செய்தாய்?" என்றாள்.

"உனக்கு நாடு கிடைத்திருக்கிறதே!"

"எனக்கு ஒரு நாடு இருந்தது. நேற்றோடு அது இல்லை." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஞாயிற்றுக்கிழமைக் கேக்கை வேறு எங்கேயாவது சொல்லு. எனக்கு மனமில்லை."

ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் கழுவும் பக்கம் போய்விட்டாள். கஞ்சியை அன்று வேறொருத்தி கிண்டினாள். அடிப்பிடித்தது.

"நுணலும் தன் வாயால் கெடும் எண்டு உங்களுக்காகத்தான் எழுதி வைச்சிருக்கினம்" என்றார் அனஸ்ரேசியா, மிஞ்சி வீட்டுக்குத் திரும்பிய கேக்கைப் பார்த்தபடி. "ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேயப்பா. அவவின்ர ஆக்கள் எந்தப் பக்கம் எண்டாவது தெரியுமோ?"

பிலேந்திரனுக்குத் தெரியாது. யோசித்துப் பார்த்தார். மிலேனாவுக்கு எத்தனை சகோதரங்கள் என்றும் தெரியாது. தாய் உயிரோடு இருக்கிறாளா என்றும் தெரியாது. தன்னுடைய ஊரின் சோதனைச் சாவடிகளைப் பதினொரு வருடமாக ஒப்புவித்தவருக்கு, அவள் எந்த ஊர் என்பதுகூடத் தெரியாது. வெட்கமாக இருந்தது. கடையில் கேக் சொல்லலாம், அது பெரிய வேலையில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மண்டபத்துக்குள் மிலேனா இல்லாமல் நிலூஜா வெள்ளை உடுப்போடு நிற்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமையும் மிலேனா முகம் கொடுக்கவில்லை. காலைக் கஞ்சியைக் கொண்டுபோய் வைத்தபோது, தொண்ணூற்றாறு வயது குட்றூன் அம்மையார் அவரை மறித்தார். கேக் செய்தி முதியவர்களின் காதுக்கும் போயிருந்தது.

"ஆயிரத்துத் தொளாயிரத்து ஐந்தில் நாங்கள் சுவீடனை விட்டுப் பிரிந்த வாக்கெடுப்பில் எத்தனை பேர் வேண்டாம் என்றார்கள், தெரியுமா?" என்று கேட்டார் அம்மையார். "நாடு முழுக்க நூற்றெண்பத்துநாலு பேர். என் அம்மா சொல்லுவாள், பெண்களுக்கு வாக்கு இருந்திருந்தால் நூற்றெண்பத்தைந்து என்று. அவளுடைய தங்கை சுவீடன்காரனைக் கட்டியிருந்தாள்." சொல்லிவிட்டுக் கஞ்சிக்குள் கரண்டியை விட்டார். "இன்றைக்கும் அடிப்பிடித்திருக்கிறது."

வியாழக்கிழமை இயேசுவின் விண்ணேற்ற நாள், நோர்வே முழுக்க விடுமுறை. முதியவர்களுக்குப் பசியில் விடுமுறை இல்லாதபடியால் சமையலறையில் இரண்டு பேர் மட்டும் நிற்க வேண்டும். பட்டியலில் மிலேனாவும் பிலேந்திரனும்.

அவர் உள்ளே போனார். காலை வணக்கம் சொன்னார். பிறகு, "நான் பதினொரு வருடம் கதைத்துவிட்டேன், மிலேனா. உன்னை ஒன்றும் கேட்கவில்லை. இன்றைக்கு நீ கதைத்தால் கேட்பேன். கதைக்காவிட்டாலும் பரவாயில்லை" என்றார். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டார்.

ஏழு மணி, எட்டு மணி. பாண் வெட்டினார், சீஸ் அடுக்கினார், வாயில் வந்ததையெல்லாம் விழுங்கினார். தட்டுகளை எடுக்க வந்த தாதி, சமையலறை இவ்வளவு அமைதியாக இருப்பதைக் கண்டு, "பிலேந்திரன், நெஞ்சு நோகிறதா?" என்று நாடி பிடித்துப் பார்த்தாள்.

அப்போது மிலேனாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. தாதி போனபின், உருளைக்கிழங்குக் கூடையை இருவருக்கும் நடுவில் இழுத்து வைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள்.

அவளுடைய ஊர் நிக்‌ஷிச். அண்ணன் பிரிய வேண்டும் என்று வாக்குக் கேட்டு வீடு வீடாகப் போனவன். தாய் வேண்டாம் என்று போட்டவள். அக்கா யெலேனா சேர்பியக்காரனைக் கட்டி இருபது வருடமாக பெல்கிரேடில் இருக்கிறாள், அவளுக்கு வாக்கே இல்லை. மிலேனா வந்து 'ஆம்' போடட்டும் என்று அண்ணன் விமான ரிக்கெற் எடுத்து அனுப்பினான். அவள் போகவில்லை. ஞாயிறு இரவு அண்ணன் தெருவில் கார் ஹோர்ன் அடித்துக்கொண்டு போன் எடுத்தான். அதே நேரம் மற்ற லைனில் அக்கா அழுதுகொண்டிருந்தாள், இனி அம்மாவைப் பார்க்கப் போவதென்றால் வெளிநாட்டுப் பயணமா என்று.

"திங்கட்கிழமை முழுக்க போனைக் கழற்றி வைத்துவிட்டுப் படுத்திருந்தேன்" என்றாள் மிலேனா. "அண்ணன் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, தெரியுமா? அதுதான் எனக்கு இன்னும் துக்கம்."

பிலேந்திரன் கிழங்கைச் சீவினார். மிலேனாதான் கேட்டாள்: "உனக்குச் சகோதரங்கள்? எல்லாம் சொன்னாய், அதை மட்டும் நீ சொன்னதில்லை."

அவர் வாயைத் திறந்தார். மூடினார். பிறகு ஜெசிந்தாவைப் பற்றிச் சொன்னார். மூன்றே வசனம். அவர் வாழ்க்கையில் சொன்ன மிகச் சுருக்கமான கதை அதுதான். மிலேனா புத்தி ஒன்றும் சொல்லவில்லை.

"பத்து வருடமா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு அடுத்த கிழங்கை எடுத்தாள். கேக் பற்றி இருவரும் கதைக்கவில்லை. கேட்க அவருக்குத் துணிவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மண்டபம் நிறைந்தது. கடையில் ஒரு கேக் சொல்லியிருந்தார்கள், அதை அனஸ்ரேசியா மண்டபச் சமையலறைக்குள்ளேயே மறைத்து வைத்திருந்தார். "மிலேனா தாந்தெ எங்கை?" என்று நிலூஜா மூன்று தரம் கேட்டுவிட்டாள். தாந்தெ என்றால் இங்கே மாமி. மூன்று மணியாயிற்று. பிலேந்திரன் வாசலுக்கும் மேசைக்குமாக நடந்தார்.

மூன்றேகாலுக்குக் கதவு திறந்தது. முதலில் ஒரு பெரிய பெட்டி வந்தது, பின்னால் மிலேனா. காலை வேலையை முடித்துவிட்டு நேரே வந்திருந்தாள். மூன்று தட்டு, வெள்ளை கிரீம், சுற்றிவர ஸ்ரோபெரி. கொடி கிடையாது, பறவை கிடையாது. நிலூஜா ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பிலேந்திரனுக்குக் கண் கலங்கிவிட்டது, அதைத் துடைக்கவும் இல்லை.

தில்லைநாதன் மாஸ்டர் மிலேனாவைக் கண்டுகொண்டார். முகம் மலர, கையை நீட்டியபடி, நாடு கிடைத்ததற்கு வாழ்த்துச் சொல்ல வந்துகொண்டிருந்தார். பிலேந்திரன் குறுக்கே பாய்ந்து, ஒரு ரோல்ஸை அவர் வாயிலேயே வைத்துவிட்டார்.

"சாப்பிடுங்கோ மாஸ்டர். முதல் சாப்பிடுங்கோ."

மிலேனா கேக்கைத் தன் போனில் படம் எடுத்தாள். "யெலேனா கேட்டாள்" என்றாள். பிறகு அவரைப் பார்த்து, "உன் தங்கைக்கும் ஒரு படம் வேண்டாமா?" என்றாள்.

அவர் அனஸ்ரேசியாவைத் தேடிப் போனார். "ஜெசிந்தாவின்ர நம்பர் எங்கையாவது எடுக்கலாமோ?"

அனஸ்ரேசியா கைப்பையிலிருந்து, வெளிநாட்டுக்குக் கதைக்கும் ஒரு ரெலிபோன் கார்டை எடுத்தார். பாதிக்கு மேல் பாவித்த கார்ட். நம்பரைப் பார்க்காமலே அழுத்தினார். "மாசத்துக்கு ஒருக்கா நான் கதைக்கிறனான்" என்று போனை அவர் கையில் வைத்தார்.

பிலேந்திரன் மண்டபத்து நடைவழியில், பிள்ளைகளின் சப்பாத்துகளுக்கு நடுவில் நின்றார். மணி அடித்தது. எடுத்தார்கள்.

"ஹலோ, மச்சாளோ? பிள்ளைக்கு எல்லாம் நல்லபடி முடிஞ்சுதோ?" என்றது அந்தக் குரல். கொஞ்சம் தடித்திருந்தது. ஆனால் அதே குரல். "ஹலோ? ஏன் கதைக்கிறியள் இல்லை?"

ஊரெல்லாம் கேட்கக் கதைக்கும் மனிதர் மெல்ல ஒருதரம் செருமினார்.

"அண்ணையோ?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஓம்" என்றார் பிலேந்திரன். "நீ கதை, பிள்ளை. நான் கேக்கிறன்."