தக்கை அசையாத மார்கழி

ரப்பர் செருப்பிலிருந்து வட்டமாக வெட்டித் தூண்டிலில் கட்டிய நீலத் தக்கை அது. மார்கழிக் குளிரில் எங்கள் ஊர் ஏரித் தண்ணீரில் அது அசையாமல் கிடந்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் கால் பரபரக்கிறது. ஊரில் யாரிடமும் கைபேசி இல்லாத காலம். துபாயிலிருந்து விடுமுறையில் வந்திருந்த மச்சான், என் அக்காவின் கணவர், விடிந்ததும் தூண்டிலோடு கரைக்குப் போய்விடுவார். குளிர்காலத்தில் கெண்டை அடியில் மந்தமாகக் கிடக்கும். வெயில் ஏறி நீர் சூடானால்தான் புழுவை மோந்தாவது பார்க்கும். அது தெரிந்தும் அவர் ஒரு நாள்கூடத் தவறியதில்லை.

விடுமுறை முடியப்போகிறது, திரும்பும் டிக்கெட்டை உறுதிசெய்ய வேண்டும். அவரோ பிடிகொடுக்கவே இல்லை. "என்னிக்கு கெளம்புறாருன்னு கேட்டுட்டு வாடா" என்று, மருமகனிடம் நேரில் கேட்கக் கூச்சப்பட்ட என் அத்தா தினமும் என்னை ஏரிக்கு விரட்டுவார். எனக்கோ காலையில் பெரம்பலூர் போய் என் கடையைத் திறக்க வேண்டும். போதாக்குறைக்கு ஓரிடத்தில் கால் மணி நேரம் உட்கார முடியாத பிறவி நான். வாயைத் திறந்தாலே மச்சான் உதட்டில் விரலை வைப்பார்.

"சத்தம் போடாதீங்க மாப்ளே, மீன் கலைஞ்சிடும்."

கலைவதற்கு அங்கே மீன் இருந்தால்தானே! தக்கையைப் பிடுங்கி எறிந்துவிடலாமா என்றிருக்கும். ஒருநாள் கிளம்புவதற்காக அவர் தூண்டிலைத் தூக்கியபோது பார்த்தேன், முள்ளில் புழுவே இல்லை. டப்பாவில் அத்தனை புழுவும் அப்படியே நெளிந்துகொண்டிருந்தது. மனிதர் காலையிலிருந்து வெறும் முள்ளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

வீட்டுக்கு வந்து சிரித்துச் சிரித்து அக்காவிடம் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. மறுநாள் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு அவளே ஏரிக்கு நடந்தாள். அதுவரை அந்தக் கரையை மிதிக்காதவள். நான் பின்னால் ஓடினேன்.

"உங்களுக்குத் திரும்பிப் போவ இஷ்டமில்லையா?" என்று நேராகவே கேட்டாள்.

மச்சான் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார். "அந்த ரூமை நெனச்சாலே நெஞ்சு அடைக்குது. போவலைன்னா பொழப்புக்கு என்ன பண்றது? ஒண்ணும் புரியல. அதான் தனியா வந்து யோசிக்கிறேன்."

அக்கா ஈர மண்ணிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கல்யாணமானதுலேருந்து நானும் தனியாத்தான் யோசிச்சிட்டிருக்கேன். இங்க வந்துமா தனியா யோசிக்கணும்? எந்திரிங்க, வூட்டுக்குப் போயி ரெண்டு பேருமா யோசிப்போம்."

மச்சான் திரும்பிப் போகவில்லை. இப்போது அரியலூரில் இருவரும் சேர்ந்து பாத்திரக்கடை வைத்திருக்கிறார்கள். எந்த முடிவென்றாலும் கடை அதிரக் கத்திச் சண்டை போட்டுத்தான் எடுக்கிறார்கள். ஏதாவது வேலையாக அங்கே போகும் நான், அந்தச் சண்டையைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்.