மீன்காரியைக் கொஞ்சிய நான்

உம்மா மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்டதால் பிள்ளை பெற்ற எனக்குத் துணை யாருமில்லை. மருத்துவிச்சி வருவதும் நின்றுவிட்டது. கணவர் விடிந்ததும் மருதமுனைக்குத் தறி நெய்யப் போய்விடுவார். பகலெல்லாம் கைக்குழந்தையோடு மட்டும்தான் பேச்சு.

இன்று வேலியருகே மீன்காரி கூப்பிட்டாள்.

"என்ன செல்லம்? தங்கத்துக்குப் பசிக்குதா?" என்று அவளிடமே கேட்டுவிட்டேன்.

அவள் சிரித்தாள். "ஓம் புள்ள, பசிதான்." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஊட்டுல ஒருத்தரும் இல்லியா?"

"இல்லக்கா" என்றேன். அழுகை வந்துவிட்டது.

கூடையை இறக்கிவிட்டு, பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டாள். "நீங்க போய்ச் சோறு தின்னுங்க."

ஆறாத சோற்றை ஆறுதலாகத் தின்றேன். அவள் போனதும் வீடு முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

மீன் வாங்க மறந்துபோனேன். கணவர் வந்து சோற்றுக்கு ஊற்ற ஆணம் எங்கே என்றால் என்ன சொல்ல? நீங்களே சொல்லுங்கள்.