மெற்றில்டா அக்கா இரண்டாம் முறை இறந்தபோது

மெற்றில்டா அக்கா காலமாகிவிட்டார் என்ற செய்தி போன வெள்ளிக்கிழமை காலை வந்தது. ஓமந்தையிலிருக்கும் நண்பர் ஒருவருக்கு அழைத்துச் சொன்னேன்.

"திரும்பவுமோ? இந்த முறை கண்காட்சி எங்க வைக்கிறியள்?" என்றார்.

கனகராயன்குளத்தில் தெரிந்தவர்களுக்கு அழைத்தேன். அங்கே வாய்விட்டுச் சிரித்தார்கள். ஒரு மனிசியின் சாவை நம்பவைக்க நான் மத்தியானம் வரை சத்தியம் பண்ண வேண்டியிருந்தது. செத்த பிறகும் என்னை இப்படிப் படுத்த அவரால்தான் முடியும்.

அவரை அறிந்தவர்களுக்குக் காரணம் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். முல்லைத்தீவுக் கரையில் பிறந்து கிளிநொச்சியில் வாழ்ந்த வரைகலைக் கலைஞர் அவர். புத்தக அட்டை, கோயில் திருவிழாச் சுவரொட்டி, கருவாட்டுப் பைக்குப் படம், கலியாண அட்டை, வள்ளங்களில் பெயர், ஒருவர் செத்து முப்பத்தோராம் நாளில் கொடுக்கும் நினைவுப் புத்தகமான கல்வெட்டு என்று அவர் கை படாத வேலை இல்லை. லினோலியத் தகட்டில் படம் செதுக்கி, மை தடவி அச்சடிக்கும் லினோ வேலையில் அவரை மிஞ்ச ஆளில்லை. "எழுத்தும் படம்தான், தம்பி. நீங்கள்தான் அதை வாசிச்சுக் கெடுக்கிறியள்" என்பார். எழுதிப் பிழைக்கிறவனிடம் சொல்கிற கதையா இது?

இடப்பெயர்வுகளில் அவரிடமிருந்த பிரதிகள் எல்லாம் போய்விட்டன. தன் வாழ்நாள் வேலையை அவர் ஒரே இடத்தில், தன் கண்ணால், ஒரு நாளாவது பார்க்க வேண்டும் என்று போன வருடம் எனக்குப் புத்தி கெட்டது. கிளிநொச்சியில் மண்டபம் பிடித்துவிட்டு, ஊர் ஊராகப் போய்ப் படைப்புகளை இரவல் கேட்டேன். முல்லைத்தீவில் ஓர் அம்மா, "சுவரில கிடக்கிறதைக் கழட்டிக்கொண்டு போய் இன்னொரு சுவரில மாட்டப்போறியளோ? அதுக்கு இஞ்சயே கிடக்கட்டுமன்" என்றார். ஒருவரும் ஒன்றும் தரவில்லை.

அழைப்பிதழையாவது வேறு யாரிடமாவது செய்விப்போம் என்றால், அக்கா விட்டால்தானே! தன் முகத்தைத் தானே லினோவில் செதுக்கி, சுற்றிவரக் கறுப்புக் கரை போட்டு, கீழே பிறந்த ஆண்டையும் அதன் பக்கத்தில் ஒரு கோட்டையும் வைத்தார். கோட்டுக்குப் பிறகு ஒன்றுமில்லை.

"அக்கா, இது மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு."

"கரை இல்லாட்டி முகம் நிக்காது."

"அந்தக் கோட்டையாவது எடுங்கோவன்."

"எடுத்தா ஆண்டு தனிச்சுப்போம். உங்களுக்குக் கண் இல்லை, தம்பி. வாய்தான் கிடக்கு."

மரண அறிவித்தல் ஒட்டும் அதே மின்கம்பங்களில் அதையும் ஒட்டினார்கள். எங்கள் பக்கத்தில் கம்பத்தில் முகத்தைக் கண்டால் இடத்தையும் நேரத்தையும் தவிர ஒருவரும் வாசிப்பதில்லை. நேரே செத்தவீட்டுக்கு வெள்ளைச் சட்டை தேடப் போய்விடுவார்கள்.

கண்காட்சியன்று முல்லைத்தீவிலிருந்து பஸ் பிடித்துச் சனம் மலர்வளையத்தோடு வந்து இறங்கியது. வெறுஞ்சுவர்களுக்கு நடுவே கதிரையில் இருந்து அக்கா பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார். அவருடைய சின்ன வயதுக் கூட்டாளி பிலோமினா ஒப்பாரியோடு நுழைந்து, பாதியில் கண்டு, "எடியே, நீ இருக்கிறியே!" என்று கத்தினார்.

"நிப்பாட்டாதையடி, நல்லாத்தான் போச்சுது" என்றார் அக்கா.

சனத்தின் கோபம் அடங்கக் கொஞ்ச நேரம் சென்றது. பிறகுதான் கவனித்தேன், எனக்குத் தரமாட்டோம் என்ற சாமான்கள் எல்லாம் அவர்கள் கையில் இருந்தன. அட்டைகள், கல்வெட்டுகள், மடித்த சுவரொட்டிகள், பெயர் எழுதிய ஒரு வள்ளப் பலகை. சவப்பெட்டிக்குள் அவரோடு வைத்து அனுப்பக் கொண்டுவந்தவையாம். பலகை எப்படிப் பெட்டிக்குள் கொள்ளும் என்று நான் கேட்கவில்லை. சுத்தியலும் ஆணியும் தேடி ஓடினேன்.

மத்தியானத்துக்குள் சுவர்கள் நிறைந்தன. அக்கா ஒவ்வொன்றின் முன்னும் நின்று, இது சரிவு, அது மை கூடிப்போச்சு என்று குறை சொல்லிக்கொண்டே போனார். ஒரு பழைய திருவிழாச் சுவரொட்டியை மட்டும் கிட்டப் போய் விரலால் தடவிப் பார்த்தார். "இதும் நான் செய்ததோ?" என்று மெல்லக் கேட்டார். அந்த ஒரு கேள்விக்காக அவரை எல்லாவற்றுக்கும் மன்னித்தேன்.

மன்னிப்பு பின்னேரம் வரைதான் நின்றது. ஒரு மாதமாவது விட்டுவிட்டுப் போகும்படி சனத்திடம் நான் கெஞ்ச, அவர் எல்லாவற்றையும் கழற்றி அவரவர் கையில் கொடுத்துவிட்டார். "நான் பாத்திட்டன். இனிச் சனம் பாக்கட்டும். ஒருத்தரும் பெட்டிக்குள்ள வைக்கக்கூடாது, சொல்லிப்போட்டன்." நான் ஒரு புகைப்படம்கூட எடுத்திருக்கவில்லை.

சனிக்கிழமை அடக்கத்துக்குச் சனம் வெறுங்கையோடுதான் வந்தது. "வைச்சமெண்டா எழும்பி வந்து ஏசுவாள்" என்று அழுதார் பிலோமினா.

என்னிடம் மிஞ்சியிருப்பது, என் நகைச்சுவைக் கட்டுரைப் புத்தகத்துக்கு அவர் செய்த அட்டை ஒன்றுதான். அதில் ஒரு பல்லி பக்கம் முழுக்கச் சிரிக்கிறது. என் பெயர் ஒரு மூலையில் எறும்பளவில் கிடக்கிறது. ஏன் என்று கேட்டதற்கு, "உங்களை எல்லாருக்கும் தெரியுமெண்டு நீங்கள்தானே சொல்லித் திரியிறியள்" என்றார். இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. நேற்று அச்சகத்திலிருந்து அழைத்து, "இனி அவா இல்லைத்தானே, பேரைக் கொஞ்சம் பெருப்பிப்பமோ?" என்று கேட்டார்கள்.

ஆசையாகத்தான் இருந்தது. "அதில கை வைக்காதேங்கோ" என்று எரிந்து விழுந்தேன்.