பச்சை டிரம்மில் எடுத்த தேன்

போன திங்கட்கிழமை காலை தோட்டத்திலிருந்து என் மனைவி சரோஜா கூப்பிட்ட குரல் இருக்கிறதே... வாயில் பல்பொடியோடு ஓடினேன்.

எங்களிடம் இருப்பது மூன்று தேனீப் பெட்டிகள். அதில் இரண்டின் முன்னால் தரை கறுத்துக் கிடந்தது. என்னவென்று குனிந்து பார்த்தேன். தேனீக்கள்! கொத்துக் கொத்தாகச் செத்துக் கிடந்தன. சில இன்னும் மல்லாந்தபடி காலை உதறிக்கொண்டிருந்தன.

"நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லா இருந்துச்சேங்க..." என்றாள் சரோஜா.

முந்தின நாள் என்ன செய்தோம்? புது மெஷினில் தேன் எடுத்தோம். அவ்வளவுதானே!

அந்த மெஷின் வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இந்த அந்தமான் போர்ட் பிளேரில் நாங்கள் தேனீ வளர்க்க ஆரம்பித்து இரண்டு வருஷமாகிறது. பெட்டிகள் சரோஜாவுடையவை, நான் ஞாயிற்றுக்கிழமை எடுபிடி. இதுவரை அடையைக் கையால்தான் பிழிந்தோம். பிழிந்தால் அடை நாசம். பாவம், தேனீ மறுபடி முதலிலிருந்து கட்ட வேண்டும். மெஷினில் அந்தத் தொல்லை கிடையாது. அடை கட்டிய மரச்சட்டங்களை உள்ளே இருக்கும் கூண்டில் நிறுத்திக் கைப்பிடியைச் சுற்றினால், தேன் தெறித்து வழிந்துவிடும். அடை முழுசாக மிஞ்சும். அப்படியே திரும்பப் பெட்டிக்குள் வைத்துவிடலாம்.

அபர்டீன் பஜாரில் மெயின்லாண்டிலிருந்து வந்த சின்ன மெஷின் ஒன்று இருந்தது. இரண்டு சட்டம்தான் பிடிக்கும். சமையல் பாத்திரத்துக்குப் பூசுகிற மாதிரி உள்ளே வெள்ளீயம் பூசியது. சரோஜா விரலை விட்டு உள்பக்கமெல்லாம் தடவிப் பார்த்து, "நமக்கு இது போதுங்க" என்றாள்.

நான் கேட்டேனா? "காபிக்கொட்டை அரைக்கிற மெஷின் மாதிரி இருக்கு" என்று சிரித்தேன். எனக்குப் பெரிசு வேண்டும். நாலு சட்டம் பிடிப்பது! மூன்று பெட்டிக்கு எதற்கய்யா நாலு சட்டம்? — இன்றைக்குக் கேட்கிறேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் பாம்பூஃப்ளாட்டில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சுப்பையாவிடம் சொன்னேன். ராமநாதபுரத்துக்காரர், நல்ல வேலைக்காரர். ஒரு பழைய டிரம்மை வெட்டி, அதன் மூடித் தகட்டிலேயே கூண்டு செய்து, வெளியே பச்சைப் பெயிண்ட் அடித்துக் கொடுத்தார். ஃபெர்ரியில் கொண்டுவரும்போதே நாலு பேர் விசாரித்தார்கள். ஒரே பெருமை எனக்கு.

ஞாயிற்றுக்கிழமை கைப்பிடி சுற்ற, என் ஆபீஸ் நண்பர் ராமலிங்கம் பாம்பூஃப்ளாட்டிலிருந்து வந்திருந்தார். வழிந்த தேனை நானும் அவரும் விரலால் வழித்து நக்கினோம். "தெளியட்டும்" என்று சரோஜா மட்டும் தொடவில்லை. ராமலிங்கம் ஒரு பாட்டில் கேட்டார். மறுநாள் அவருடைய குழந்தைக்குப் பெயர் வைக்கிறார்கள். நாக்கில் தேன் தொட்டுவைக்க வேண்டும். சந்தோஷமாகக் கொடுத்தனுப்பினோம். அடைகளைப் பெட்டியில் வைத்து மூடினோம். இரவு எனக்கு வயிற்றைப் புரட்டியது. மத்தியானம் தின்ற மீனைத் திட்டிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் இந்தக் காட்சி!

சரோஜா மூன்றாவது பெட்டியைப் பார்த்தாள். அதில் நாங்கள் கை வைக்கவில்லை. அதிலிருந்த தேனீக்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவள் அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்துவந்து, டிரம்மின் பச்சைப் பெயிண்ட்டைச் சுரண்டினாள். அடியில் சிவப்பு தெரிந்தது. இன்னும் சுரண்டினாள். ஒரு மண்டை ஓடு... குறுக்கே இரண்டு எலும்பு.

"பூச்சி மருந்து டிரம்முங்க இது!"

இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த பாட்டில் ஞாபகம் வந்தது.

"ஓடுங்க!" என்றாள்.

சாத்தம் ஜெட்டிக்கு எப்படிப் போனேன் என்று தெரியாது. எத்தனையோ தடவை ஏறிய ஃபெர்ரிதான். அன்றைக்கு அது நகரவே இல்லை. "க்யா ஹுவா, பாபு?" — என்ன ஆச்சு என்று யாரோ கேட்டார்கள். என்ன சொல்வது? ஒரு பச்சைக் குழந்தைக்கு என் கையாலேயே விஷம் கொடுத்தனுப்பியிருக்கிறேன் என்றா?

ராமலிங்கம் வீட்டு வாசலில் செருப்பு நிறையக் கிடந்தது. விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். "தேன் கொடுக்காதீங்க!" என்று கத்திக்கொண்டே உள்ளே போனேன். வீடே திரும்பிப் பார்த்தது.

குழந்தையை மடியில் வைத்திருந்த ராமலிங்கத்தின் மனைவி பார்வதி நிமிர்ந்தாள். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்த பெண். பேச்சில் தமிழும் இந்தியும் பாதிப் பாதி.

"கொடுக்கலே அண்ணா. இதர் பாருங்க."

ஜன்னலில் ஒரு வெள்ளிக் கிண்ணம். அதைச் சுற்றி எறும்புகள் — வளையம் போட்டது போலச் செத்துக் கிடந்தன.

"சுபே எந்திரிச்சதும் ஊத்தி வெச்சேன். சீட்டி வந்துச்சு. வந்தது எல்லாம் அங்கேயே மர் கயா. தேன் தின்னா சீட்டி சாகுமா, அண்ணா? டர் ஆயிடுச்சு எனக்கு. பயந்து தொடவே இல்லே."

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். குழந்தை கையை மூடிக்கொண்டு தூங்கியது. மூலையில் பாயில் ராமலிங்கம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். என்னைப் பார்த்தார், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். திட்டியிருந்தால் தேவலை.

அங்கிருந்து நேரே சுப்பையாவின் பட்டறை. அடிக்கிற வேகத்தில்தான் போனேன்.

"டிரம்முல மண்டை ஓடு இருந்துச்சே, பாத்தீங்களா இல்லையா?"

"பாத்தேன் சாப். மார்க்கா தானே அது?"

"என்ன மார்க்கா?"

"தீப்பெட்டியில மயில் போடுறான், பிஸ்கோத்துல யானை போடுறான். இது மண்டை ஓடு மார்க்கா கம்பெனின்னு நெனச்சேன். நமக்கு எழுத்துதான் மாலும் இல்லையே சாப்! சலவை சோடா போட்டு ரெண்டு தரம் தேய்ச்சேன், சத்தியமா, கசம் ஸே."

என் கோபம் எங்கே போயிற்றோ! "அப்படிப் போட்டிருந்தா உள்ளே விஷம்னு அர்த்தம் சுப்பையா" என்றேன்.

அவர் முகம் வெளுத்தது. "சாப்... ஜோடியா ரெண்டு டிரம் எடுத்தேனே..."

பட்டறைக்குப் பின்னால்தான் அவர் வீடு. ஓடினார். கூரைத் தண்ணீர் விழும் இடத்தில் இன்னொரு பச்சை டிரம், நிறைய மழைத் தண்ணீரோடு நின்றது. அவர் மனைவி குடத்தில் மொண்டுகொண்டிருந்தாள். குடத்தைப் பிடுங்கி எறிந்து, டிரம்மை உதைத்துச் சாய்த்தார்.

"இதைக் குடிச்சீங்களா?" என்று மனைவியிடம் கத்தினார்.

"நாலு நாளாக் குடிக்கிறோம். ஏன்? சின்னவளுக்குத்தான் வயிறு சரியில்லே, காய்ச்சல்னு நெனச்சேன்..."

எல்லோருமாக ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராமலிங்கத்துக்கும் எனக்கும் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்கள். சுப்பையாவின் சின்னப் பெண் மட்டும் மூன்று நாள் படுத்திருந்து நேற்றுத்தான் வீடு திரும்பினாள். "இன்னும் கொஞ்சம் குடிச்சிருந்தா..." என்றார் டாக்டர்.

சுப்பையாவுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியுமே! வாரா வாரம் இந்தப் பத்திரிகையில் உங்களுக்கு எழுதுகிறவன், "இந்த டிரம்முல முன்னாடி என்ன இருந்துச்சு?" என்று ஒரு கேள்வி கேட்கவில்லையே? பச்சைப் பெயிண்ட்டைப் பார்த்தேன், சட்டத்தை எண்ணினேன், முடிந்தது. தேன் மெஷின் வாங்கப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன் — தேன் படுகிற இடம் எது, அது எதிலிருந்து வந்தது என்று முதலில் கேளுங்கள். எத்தனை சட்டம் பிடிக்கும் என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

பஜாரில் இருந்த அந்தச் சின்ன மெஷினை சரோஜா வாங்கி வந்துவிட்டாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது?

மிஞ்சிய ஒரு பெட்டியிலிருந்து தேனீக்கள் போவதும் வருவதுமாகத்தான் இருக்கின்றன. கிட்டே போய் நிற்க எனக்குத்தான் கூச்சமாக இருக்கிறது.