வெற்றிடத்தை உடைத்தவள்

கதவு அக்கா என்று அவளை முதலில் கூப்பிட்டது யாரென்று யாருக்கும் நினைவில்லை. ஆராய்ச்சி மாணவர்கள் வருவார்கள், ஐந்தாறு வருஷம் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள், பட்டத்தை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். அந்தப் பெயர் மட்டும் அடுத்து வருகிற கூட்டத்தின் வாயில் ஒட்டிக்கொள்ளும்.

மென்படல ஆய்வுக்கூடத்தில் அவள் டெக்னீஷியன். ஓர் இரும்புத் தொட்டிக்குள் இருக்கும் காற்றையெல்லாம் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அந்த வெற்றிடத்தில் உலோகத்தை அணு அணுவாகச் சிதறடித்து, கட்டைவிரல் நகம் அளவுள்ள சிலிக்கான் தட்டின்மேல் படியவைப்பது அவள் வேலை. ஒரு தலைமுடியை நீளவாக்கில் ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவு தேறுமோ, அவ்வளவுதான் படலத்தின் கனம். அவள் வீட்டுக்காரர் பிளம்பர். அவருக்கு இது எந்நாளும் வேடிக்கை.

"கண்ணுக்கே தெரியாதுங்கற. பூசுனியா பூசலையான்னு எப்படிக் கண்டுபிடிப்ப?"

"பூசலன்னா சார் கத்துவாரு. அதான் கண்டுபிடிப்பு."

சார் என்றால் பேராசிரியர். அவரும் அவளும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தவர்கள். அவர் இளம் ஆசிரியராக, அவள் எடுபிடி ஆளாக. அப்போது ஆய்வுக்கூடம் என்பது உடைந்த நாற்காலிகள் போட்டுவைத்திருந்த மூன்றாம் மாடி அறை. முதல் பம்ப்பை லிப்ட் இல்லாத கட்டடத்தில் ஒரு முனையை அவரும் மறுமுனையை அவளுமாகப் பிடித்துப் படி படியாக ஏற்றினார்கள். வழியில் அது அவர் காலில் விழுந்து கட்டைவிரல் நகமே பெயர்ந்தது. அப்படித் தொடங்கிய உறவு. சாரைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னால் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போவாள். "கூடப்பொறந்தவங்க கூட இப்படி இருக்க மாட்டாங்க" என்பாள். அசடு. ஆனால் அந்த நம்பிக்கையில் பொய் இல்லை.

அந்த வேலையில் செய்யக்கூடாத பெரும்பாவம் ஒன்று உண்டு. ஒரு தட்டின்மேல் இரண்டு படலம் போட வேண்டுமென்றால், முதலாவதற்கும் இரண்டாவதற்கும் நடுவில் தொட்டியின் கதவைத் திறக்கவே கூடாது. காற்று பட்டால் படலம் கெட்டது. "வெற்றிடத்தை உடைக்காதே" என்று சாரே கைப்பட எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பாவத்தை அவள் செய்தாள். சார் ஒரு மாநாட்டுக்காகக் கடல் கடந்து போயிருந்தார். அடிப்படலம் போட்டு முடித்ததும், உலோகத்தை மறைக்கிற ஷட்டர் தகடு சிக்கிக்கொண்டது. வெளியிலிருந்து எப்படி ஆட்டினாலும் அசையவில்லை. கையில் இருந்ததோ அந்த வரிசையின் பதினேழாவது, கடைசி சிலிக்கான் தட்டு. சாருக்கு இரண்டு தடவை போன் போட்டாள், அவர் எடுக்கவில்லை. யோசித்தாள். வால்வைத் திருகிக் காற்றை உள்ளே விட்டாள். கதவைத் திறந்து, குறடால் ஷட்டரை நிமிர்த்தி, மறுபடி மூடி, நாலு மணி நேரம் பம்ப்பை ஓடவிட்டு மேல்படலத்தையும் போட்டாள். அதோடு விட்டாளா? லாக் புக்கில் ஒளிவு மறைவில்லாமல் எழுதியும் வைத்தாள்: "நடுவில் கதவு திறக்கப்பட்டது. இருபது நிமிடம். திறந்தது நான்."

திரும்பி வந்த சார் குதித்த குதியில் மாணவர்கள் இரண்டு நாள் அந்தப் பக்கமே தலைகாட்டவில்லை. மூன்றாம் நாள் மெமோ வந்தது. கவனக்குறைவு, விதிமீறல். அந்த மாதம்தான் அவளுக்கு சீனியர் டெக்னீஷியன் பதவி வர இருந்தது. அது அப்படியே நின்றது.

பிறகுதான் கூத்து. மூன்று மாதம் கழித்துப் பதினேழு தட்டுகளையும் உலையில் வைத்துச் சூடேற்றிப் பார்த்தார்கள். பதினாறில் மேல்படலமான அலுமினியம், தடுப்புச் சுவராக இருக்க வேண்டிய அடிப்படலத்தைத் துளைத்துக்கொண்டு சிலிக்கானுக்குள் இறங்கி எல்லாவற்றையும் நாசமாக்கியிருந்தது. ஒன்றே ஒன்று குந்துமணி அளவு சேதம்கூட இல்லாமல் போட்டது போட்டபடி இருந்தது. அவள் கதவைத் திறந்து போட்ட தட்டு! அடிப்படலத்தில் மணிமணியாகக் கோத்திருக்கும் துகள்களுக்கு நடுவே உள்ள நுண்ணிய சந்துகளில் காற்றிலிருந்த ஆக்சிஜன் போய் உட்கார்ந்து வழியை அடைத்துவிட்டிருந்தது.

"டைல்ஸ் இடுக்குல ஒயிட் சிமெண்ட் அடைக்கற மாதிரின்னு சொல்லு" என்றார் வீட்டுக்காரர். "இதுக்கு எதுக்கு இத்தனை படிப்பு?"

சார் நுண்ணோக்கிப் படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மூச்சிரைக்க ஓடிவந்தார். "உங்களுக்குப் போய் மெமோ குடுத்தேனே, என்னைச் செருப்பால அடிக்கணும்! மொத வேலையா அதைக் கேன்சல் பண்றேன், பாருங்க."

அந்த மொத வேலை பதினோரு வருஷமாக நடக்கவில்லை. கட்டுரைகள் வந்தன. கடைசி வரியில் "தொழில்நுட்ப உதவிக்கு நன்றி" என்று ஓர் எறும்பெழுத்து இருக்கும், பெயர் இருக்காது. அதற்கு அவள் கவலைப்பட்டதே இல்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த மெமோ தொலைய வேண்டும். பொறுப்பில்லாதவள் என்று தன் பெயருக்கு நேரே எழுதியிருப்பது சட்டையில் பட்ட கறை மாதிரி அவளை உறுத்திக்கொண்டே இருந்தது. வருஷத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பாள்.

"லெட்டர் போட்டுட்டேங்க. ஆபீஸ்லதான் இழுத்தடிக்கறாங்க" என்பார் சார். ஆபீஸ் என்றாலே இழுத்தடிப்பதுதானே! அவள் ஆபீஸைத் திட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போவாள். ஓய்வு பெற ஐந்து மாதம்தான் பாக்கி என்ற நிலையிலும் அதே பதில்தான் வந்தது.

அப்போதுதான் சாருக்கு அந்தப் பெரிய விருது கிடைத்தது. மேற்பரப்பு அறிவியலிலும் மென்படலப் பொருள்களிலும் செய்த சாதனைக்காக. மேடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க ஒரு தட்டு வேண்டும் என்றார் சார். அவளே போட்டுக் கொடுத்தாள். நடுவில் இருபது நிமிடம் கதவைத் திறந்துவைத்து, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சிரித்துக்கொண்டு.

விழா மதியம் மூன்று மணிக்கு. பின்னாலிருந்து நாலாவது வரிசையில் மாணவர்களோடு உட்கார்ந்திருந்தாள். சார் நன்றாகப் பேசினார். பம்ப் காலில் விழுந்த கதையைச் சொன்னார். அவர் மட்டுமே தூக்கியதுபோல இருந்தது, போகட்டும் என்று விட்டாள். பிறகு ஷட்டர் சிக்கிக்கொண்ட கதைக்கு வந்தார். நிறுத்தினார். கூட்டத்தைப் பார்த்தார்.

"அந்த நேரத்துல கதவத் தெறக்கற தைரியம் யாருக்கு வந்துச்சு தெரியுமா?"

இதற்காகத்தான் இத்தனை வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தாரா மனுஷன்! அவளையறியாமல் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள்.

"எங்க டெக்னீஷியன் கை நடுங்கிப் போய் நின்னாங்க. நான்தான் சொன்னேன், தெறங்க, என்ன ஆனாலும் நான் பாத்துக்கறேன்னு."

அரங்கம் அதிரக் கைதட்டல். பாதி எழுந்தவள் அப்படியே உட்கார்ந்தாள். பக்கத்தில் இருந்த இரண்டு மாணவர்கள் திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டென்று தங்கள் செல்போனைக் குடைய ஆரம்பித்தார்கள். கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு போனைக்கூட எடுக்காதவர் வாய் கூசாமல் சொல்கிறார். அவளுக்கு முதலில் கோபம் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எழுந்தோமே என்று உடம்பெல்லாம் கூசியது.

மறுநாள் காலையில் வீட்டுக்காரரிடம் சொன்னாள். அவர் வழக்கமான கேலியைத் தொடங்கவில்லை. "இந்த ஆளா இப்படி?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு, "மெமோவுக்கு லெட்டர் போட்டேன்னு சொன்னாரே, அதைப் போய்ப் பாத்தியா?" என்றார்.

பார்த்ததில்லை. பதினோரு வருஷத்தில் ஒரு தடவைகூடப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. ஆபீஸ் திறக்கும்போதே போய் நின்றாள். கிளார்க் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவள் பைலை முன்னும் பின்னும் புரட்டினார்.

"லெட்டரா? ஒண்ணும் வரலியேக்கா. வந்திருந்தா அன்னிக்கே முடிச்சிருப்போமே. இது ஒரு மணி நேர வேலை."

அவள் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்து மெமோவைக் கையில் வாங்கிப் படித்தாள். வந்த அன்று கண்ணீரில் எழுத்தே தெரியவில்லை; அதற்குப் பிறகு பார்க்கவும் மனம் வரவில்லை. இப்போது ஒவ்வொரு வார்த்தையாகப் படித்தாள். "நான் ஊரில் இல்லாதபோது, எனக்குத் தெரிவிக்காமலும் என் அனுமதி பெறாமலும், தன்னிச்சையாகக் கதவைத் திறந்துள்ளார்." கீழே சாரின் கையெழுத்து. இரண்டு தடவை படித்துவிட்டுக் கிளார்க்கிடம் திருப்பிக் கொடுத்தாள்.

மதியம் சார் கூப்பிட்டு அனுப்பினார். மேசை நிறையப் பூங்கொத்து. நடுவில் விருது. முகமெல்லாம் பல்.

"உக்காருங்க. நல்ல சேதி. உங்க மெமோவ இன்னிக்கே கேன்சல் பண்ணிடலாம். அடுத்த மாசமே சீனியர் ஆயிடுவீங்க. லெட்டர நானே அடிச்சு வெச்சிருக்கேன், ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும்."

அவள் வாங்கிப் படித்தாள். அவள் எழுதுவதுபோலவே இருந்தது. "அன்று பேராசிரியர் தொலைபேசியில் இட்ட உத்தரவின்படியே நான் கதவைத் திறந்தேன். எனவே என்மீது தவறில்லை."

பழைய லாக் புக்குகள் கட்டடம் மாறியபோதே எடைக்குப் போய்விட்டன. மாணவர்கள் மாறிவிட்டார்கள். யாரும் சொல்லாமல் அவளாகவே முடிவெடுத்துத் திறந்தாள் என்று சொல்ல உலகத்தில் மிச்சமிருப்பது அந்த ஒரு மெமோ. பதினோரு வருஷமாக எது தொலைய வேண்டும் என்று ஏங்கினாளோ, அது.

லெட்டரை மேசைமேல் வைத்தாள். கை நடுங்கவில்லை.

"வேணாம் சார். மெமோ அப்படியே இருக்கட்டும்."

"என்னங்க இது? இத்தன வருஷமா இதத்தானே கேட்டீங்க?"

"ஆமா சார். ஆனா அதுல இருக்கறதுதான் நெசம். நீங்களே கையெழுத்துப் போட்டுக் குடுத்தது. உங்களுக்குத் தெரியாம, உங்க அனுமதி இல்லாம, நானே தெறந்தேன்."

சாரின் முகத்தில் ஈயாடவில்லை. பூங்கொத்து ஒன்றைத் தள்ளிவைத்தார். மறுபடி இழுத்து வைத்தார். குரல் தழைந்தது.

"உங்களுக்கு என் மேல நம்பிக்கை இல்லையா?"

"இருந்துச்சு சார்" என்றாள். "இன்னிக்குக் காலையில ஆபீஸ் தெறக்கற வரைக்கும் இருந்துச்சு."