காந்தத்தில் ஒட்டாத துகள்

போன வருடம் மழை ஓய்ந்து, புனேயில் அக்டோபர் வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்திருந்த நேரம். விஷ்ராந்த்வாடியில் நாங்கள் குடியிருக்கும் ஃபிளாட்டின் பால்கனியில்தான் இது நடந்தது. கோயம்புத்தூரிலிருந்து இங்கே வந்து பல வருடங்கள் ஆகிவிட்டன. கணவருக்கு ஹிஞ்சேவாடியில் ஐ.டி. வேலை. நான் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஒரே மகள், மெக்கானிக்கல் இன்ஜினீயரிங் படிக்கிறாள்.

நான் கொஞ்சம் அதிகமாகவே பயப்படுகிறவள். மகள் பஸ்ஸில் ஹடப்சர் வரைக்கும் போனாலே, ஏறியதும் ஒரு போன், இறங்கியதும் ஒரு போன் வரவேண்டும். "உங்கம்மாவை விட்டா சீலிங் ஃபேனுக்கும் ஹெல்மெட் மாட்டிருவா" என்று கணவர் கிண்டல் செய்வார். மகள் சிரிப்பாள். நானும்தான் சிரிப்பேன். ஆனால் பயம் அப்படியேதான் இருக்கும்.

அப்படிப்பட்டவளிடம் வந்து ஒருநாள், "அம்மா, நானும் என் கிளாஸ்மேட்டும் சைக்கிள்ல பெட்ரோல் இன்ஜின் மாட்டப்போறோம்" என்றாள். அவர்கள் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சிறு குன்று இருக்கிறது. அதன்மேல் ஏறி இறங்கும் சாலை கல்லூரிக்குச் சொந்தமானது. அதில், மாணவர்களே இன்ஜின் பொருத்திய சைக்கிள்களுக்கு ஒரு போட்டி. வெளி ரோட்டில் ஓட்ட அனுமதி இல்லை, வளாகத்துக்குள் மட்டும்தான். ஓட்டப்போவது யார் என்று கேட்டேன். "நான்தான். அவன் வெயிட் ஜாஸ்தி."

ஒரு வாரம் முடியாது என்றேன். பிறகு ஒரு நிபந்தனையோடு சரி என்றேன். வண்டியை வாரக்கடைசியில் இன்ஜினை அணைத்து, மிதித்தே வீட்டுக்குக் கொண்டுவர வேண்டும், அதன் ஆயிலை நான்தான் மாற்றுவேன்.

ஏன் ஆயில் என்று கேட்டால், அந்த இன்ஜினில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் அதுதான். பல்சக்கரம், கிளட்ச் என்று அவள் சொன்னதெல்லாம் தலைக்கு மேலே போயிற்று. திரவம் என்றால் எனக்குத் தெரியும். எது கெட்டி, எது நீர்த்தது, சூடானால் என்ன ஆகும் என்பதையெல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துத்தானே சம்பளம் வாங்குகிறேன்!

முதல் நாள் ஆயில் வாங்கப் போன கதை தனி. உதிரிபாகக் கடையில் "சைக்கிளுக்கு ஆயில் வேணும்" என்றேன் இந்தியில். தையல் மெஷினுக்குப் போடும் குட்டி டப்பாவை எடுத்து நீட்டினார். இன்ஜின் வைத்த சைக்கிள் என்றதும், யாருக்கு என்று கேட்டார். மகளுக்கு என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் எது கேட்டாலும் மறுபேச்சில்லாமல் எடுத்துக்கொடுத்தார்.

மகளின் வகுப்புத்தோழன் மராட்டிப் பையன். சித்தியை அழைப்பதுபோல் என்னைக் "காகூ" என்று கூப்பிடுவான். அவன் பெட்ரோலிலேயே ஆயிலைக் கலந்து ஊற்றலாம் என்றான். அது டூ ஸ்ட்ரோக் இன்ஜினுக்கு. எங்களுடையது ஃபோர் ஸ்ட்ரோக், ஆயிலுக்குத் தனி இடம் உண்டு. காரில் ஊற்றியது போக மிச்சம் இருக்கிறதே என்றார் கணவர். விலை உயர்ந்த சிந்தெடிக் ஆயில்தான் வேண்டும் என்றாள் மகள். நான் இன்ஜினோடு வந்த கையேட்டை எடுத்து வைத்துக்கொண்டு, அதில் போட்டிருந்த 10W-30 மட்டும்தான் என்று முடித்துவிட்டேன். குளிரில் இறுகாமலும், சூட்டில் தண்ணீராகிவிடாமலும் இருக்கும் ரகம் அது. புனே வெயிலுக்கும் டிசம்பர் காலைக்கும் சேர்த்தே சரிப்பட்டு வரும்.

மாற்றுவதும் சீக்கிரமே கைக்கு வந்துவிட்டது. இன்ஜினைச் சற்று ஓடவிட்டு, ஆயில் வெதுவெதுப்பானதும் அடியிலுள்ள போல்ட்டைத் திறக்கவேண்டும். சூடாக இருந்தால்தான் அடியில் தங்கிய அழுக்கும் சேர்ந்து வரும். வண்டியைப் பக்கவாட்டில் சாய்த்து முழுக்க வடியவிட வேண்டும். புதிதாக ஊற்றும்போது சைக்கிள் நிமிர்ந்து, சமமாக நிற்கவேண்டும். இந்தச் சின்ன இன்ஜினுக்கு ஒரு டம்ளர் அளவு போதும். நல்லதுதானே என்று கூடுதலாக ஊற்றினால் அது வேறு வழியாகக் கசிந்து டயரில் வடியும். இதில் ஃபில்டர் கிடையாது. உள்ளே தேய்ந்து உதிர்வதெல்லாம் ஆயிலிலேயே மிதக்கும். அதனால்தான் அடிக்கடி மாற்றவேண்டும். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல், கேனில் சேர்த்துத் தெருமுனை கராஜ் பீப்பாயில் ஊற்றிவிடுவேன்.

முதல்முறை வடித்தபோது தட்டு முழுக்கச் சாம்பல் நிறத்தில் மினுமினுத்தது. பதறிப்போய், சனிக்கிழமை லேப் வகுப்பில் இருந்தவளைப் போன் மேல் போன் போட்டு வெளியே வரவழைத்தேன். "அம்மா, புது இன்ஜின்ல அப்படித்தான் வரும். பார்ட்ஸ் ஒண்ணோட ஒண்ணு உரசி செட் ஆகும். எல்லார் முன்னாடியும் மானம் போச்சு" என்றாள். அவள் சொன்னது முழுக்க உண்மை. அடுத்தமுறை மினுமினுப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. எனக்கும் நிம்மதி.

போட்டிக்கு முந்தைய நாள், சனிக்கிழமை மதியம். மூன்றாவது முறையாக ஆயிலை வடித்தேன். இந்தமுறை ஏறக்குறைய சுத்தமாக வந்திருக்கவேண்டும். தட்டைச் சாய்த்தபோது அடியில் ஏதோ பளிச்சென்றது. முன்பு பார்த்த பொடி இல்லை. விரலில் எடுத்தால் நெருடியது. வெள்ளி ஜரிகையைக் கிள்ளிப் போட்டதுபோல் மெல்லிய தகடுகள். ஒன்று மகளின் மூக்குத்தி அளவுக்கே இருந்தது.

மகளைக் கூப்பிட்டேன். பக்கத்தில் வகுப்புத்தோழனும் இருந்தான். சனிக்கிழமை என்பதால் கணவரும் வீட்டில்தான்.

"நாளைக்குப் போகவேண்டாம்" என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையை என்னால் மறக்கவே முடியாது. கோபம்கூட இல்லை. 'ஆரம்பிச்சாச்சு' என்ற பார்வை.

"அரே அம்மா, ஃபர்ஸ்ட் டைமும் இதேதான் சொன்னே."

"காகூ, டென்ஷன் மத் லோ" என்றான் அவன், கவலைப்படாதீர்கள் என்று.

"நீ எதுக்குத்தான் போன்னு சொல்லியிருக்கே, இதுக்குச் சொல்றதுக்கு?" என்றார் கணவர்.

எனக்கு அழுகை வரப் பார்த்தது. அவர்களைக் குறைசொல்ல முடியாது. எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, என் 'வேண்டாம்' அந்த வீட்டில் மிக்ஸி சத்தம் மாதிரி ஆகியிருந்தது. யாரும் காதில் வாங்குவதில்லை. நிஜமாகவே ஒன்று கண்ணில் பட்டிருக்கிறது, அதைச் சொல்ல எனக்கு வேறு குரல் இல்லை.

மகள் ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்த காந்தத்தை எடுத்துவந்து தட்டுக்குள் விட்டுத் துழாவினாள். வெளியே எடுத்தபோது அதில் ஒன்றும் ஒட்டவில்லை. "பாத்தியா? இரும்பே இல்ல. ஏதோ பெயின்ட் உரிஞ்சிருக்கும்."

அவன் கைகொட்டிச் சிரித்தான். கணவர் டீ போட உள்ளே போனார். விஷயம் முடிந்தது என்றே எல்லாரும் நினைத்தார்கள்.

அப்போது எனக்குள் இருந்த அம்மா வாயை மூடிக்கொண்டாள், டீச்சர் எழுந்தாள். அப்படித்தான் சொல்லவேண்டும். "காந்தத்துல ஒட்டலைன்னா இரும்பில்லைன்னுதான் அர்த்தம். உலோகமே இல்லைன்னு எப்படிச் சொல்றே?" என்று கேட்டேன். அவள் சிரிப்பு லேசாகக் குறைந்தது.

சிங்க் அடைப்பெடுக்கும் காஸ்டிக் சோடாப் பொடி வீட்டில் இருந்தது. கையுறை போட்டுக்கொண்டு, கண்ணாடியும் மாட்டிக்கொண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் தண்ணீர் வைத்து அதில் பொடியைக் கொஞ்சமாகக் கரைத்தேன். அவர்களைத் தள்ளி நிற்கச் சொன்னேன். முதலில் ஓர் இரும்பு ஊக்கைப் போட்டேன், எதுவும் நடக்கவில்லை. அடுத்து, சப்பாத்தி சுற்றும் ஃபாயிலில் ஒரு துணுக்கு. கொஞ்ச நேரத்தில் நுரைநுரையாகக் குமிழ்கள் கிளம்பின. "அலுமினியம் இப்படிப் பொங்கும்" என்றேன். பிறகு அந்தத் தகடுகளைப் பாத்திரம் கழுவும் சோப்பில் ஆயில் போக அலசி, ஒன்றை உள்ளே விட்டேன்.

சில நொடிகள் அசைவில்லை. அது பெயின்டாகவே இருக்கட்டும், நான் தோற்றுப்போகிறேன் என்று மனசுக்குள் வேண்டிக்கொண்டேன்.

பிறகு ஓரத்தில் ஒரு குமிழ். அடுத்து இன்னொன்று. அப்புறம் அந்தத் துணுக்கு குமிழ்களோடு மேலெழும்பி, சுழன்று, பொங்கியது.

என் மகளின் முகம் மாறிக்கொண்டே வந்ததைப் பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அலுமினியம் என்பதுவரைதான். அந்த இன்ஜினுக்குள் எதெல்லாம் அலுமினியம் என்பது அவளுக்குத் தெரியும்.

"கனெக்டிங் ராட்" என்றாள் மெதுவாக. பிஸ்டனையும் கீழே சுழலும் தண்டையும் இணைக்கும் கை அது என்று பிறகு விளக்கினாள்.

தோழன் தலையைச் சொறிந்தான். அப்போதுதான் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. மேட்டில் வேகம் வேண்டும் என்று, இன்ஜின் குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் போகாமல் தடுக்கும் கவர்னரை இருவருமாகக் கழற்றிவிட்டிருந்தார்கள். அந்தச் சின்ன ராட் தாங்கக்கூடிய வேகத்தைத் தாண்டி அதை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இப்ப திறந்தா நாளைக்குள்ள மறுபடி சேர்க்க முடியாது" என்றான் அவன் இந்தியில். "ஒரே ஒரு ரன்தான். தாங்கிடும்."

நான் வாயைத் திறக்கவில்லை. அதுதான் என் வாழ்க்கையிலேயே மிகக் கஷ்டமான மௌனம்.

"ஓட்டப்போறது நான்" என்றாள் மகள். ஸ்பேனரை எடுத்தாள்.

திறந்தார்கள். டீ ஆறிப்போயிற்று. ராடின் அடிப்பாகம் தண்டைச் சுற்றிப் பிடிக்கும் இடத்தில் போல்ட்டுகளைத் தளர்த்தினாள். ஒரே துண்டாகக் கழன்று வரவேண்டிய மூடி, நடுவில் விரிசல் முற்றி, இரண்டாக அவள் உள்ளங்கையில் விழுந்தது.

நான் வாஷிங் மெஷின் பக்கத்தில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அது ஓடும்போது உடைந்தால், ராட் இன்ஜின் சுவரைக் குத்திக்கொண்டு வெளியே வரும். கொதிக்கும் ஆயில் ஓட்டுகிறவரின் காலிலும் பின் டயரிலும் கொட்டும். குன்றின் வளைவில், இறக்கத்தில், வழுக்கும் டயரோடு என் பெண்.

அவளும் கீழே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கையெல்லாம் கிரீஸ். "அம்மா, நாளைக்கு ஏத்தத்துல ஃபுல் த்ராட்டில் குடுக்கறதுன்னு பிளான் பண்ணியிருந்தோம்" என்றாள். கணவர் உடைந்த துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தார். அன்று ராத்திரிச் சமையலை அவரே செய்தார்.

அன்று மாலையே மகள் போட்டியிலிருந்து விலகினாள். அதோடு விடவில்லை. உடைந்த ராடின் படத்தை மற்ற அணிகளுக்கெல்லாம் அனுப்பி, யாரெல்லாம் கவர்னரைக் கழற்றினீர்கள் என்று கேட்டாள். அவர்களைப்போலவே இன்னும் சிலரும் கழற்றியிருந்தார்கள். கொஞ்சப் பேர் கேலி செய்தார்கள். மற்றவர்கள் திரும்ப மாட்டினார்கள். போட்டி நடந்தது, யாருக்கும் அடிபடவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மூச்சு சீராகிறது.

பிறகு புது ராட் போட்டு, கவர்னரையும் மாட்டி, அதே குன்றில் அவள் ஓட்டினாள். நான் அடிவாரத்தில் நின்று பார்த்தேன். முன்பானால் கண்ணை மூடிக்கொண்டிருப்பேன். அன்று திறந்தே வைத்திருந்தேன், ஏனென்றால் அந்த இன்ஜினுக்குள் என்ன இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எனக்கே தெரியும். இப்போதெல்லாம் என் போனுக்கு அவள் கல்லூரிப் பிள்ளைகளிடமிருந்து வினோதமான படங்கள் வருகின்றன. தட்டில் வடித்த கறுப்பு ஆயில், கீழே, இது சரியாக இருக்கிறதா என்று ஒரு வரி: "காகூ, யே தீக் ஹை?" படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துப் பதில் போடுகிறேன். சந்தேகமாக இருந்தால், வண்டியைத் தொடாதே, ஆயிலோடு நேரில் வா என்கிறேன். வருகிறார்கள். நான் சொல்வதைக் கேட்கிறார்கள்!

நான் இன்றைக்கும் பயந்த சுபாவக்காரிதான். தெருவில் எங்காவது சின்ன இன்ஜின் திணறும் சத்தம் கேட்டால் அப்படியே நின்றுவிடுகிறேன். ஆனால் பயம் வந்தவுடன் அதை மகள் தலையில் கொட்டாமல், எதைக் கண்டு பயப்படுகிறேன் என்று முதலில் கிட்டே போய்ப் பார்க்கிறேன். பெரும்பாலும் அங்கே ஒன்றுமே இருப்பதில்லை, ஆனால் அந்தச் சனிக்கிழமை இருந்தது, அதை நான் பார்த்தேன்.